பேர் ஆகிவிட்டது, ஆனால் டைப் ஆகவில்லை: ராஸ்பெர்ரி பைக்கு எந்த வயர்லெஸ் கீபோர்டு?

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் போர்டில் புளூடூத் கீபோர்டை இணைக்கும்போது வரும் தொல்லைகளிலேயே ஆளை அதிகம் குழப்புவது இதுதான். திரையில் 'பேர் ஆகிவிட்டது', அதாவது இரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டன, என்று வந்துவிடும். பட்டியலில் கீபோர்டின் பெயரும் இருக்கும். ஆனால் எந்தக் கீயை அழுத்தினாலும் ஓர் எழுத்துகூட விழாது. பேரே ஆகவில்லை என்றால் கீபோர்டில் கோளாறு என்று முடிவு கட்டிவிடலாம். பேர் ஆன பிறகும் வேலை செய்யவில்லை என்றால் எதைச் சந்தேகிப்பது என்றே புரியாது. பலரும் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து இன்னொரு கீபோர்டுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. இருக்கிற புளூடூத் இணைப்பையே சரிசெய்வது. தனியாக ஒரு யூஎஸ்பி புளூடூத் அடாப்டர் வாங்கிச் செருகுவது. புளூடூத்தை விட்டுவிட்டு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்) வரும் கீபோர்டுக்கு மாறுவது; வயர்லெஸ்ஸே வேண்டாம் என்று கம்பி கீபோர்டோடு நிறுத்திக்கொள்வது. இவற்றை விலையை வைத்து ஒப்பிடுவது வீண் என்பது என் கருத்து. உங்கள் போர்டுக்குக் கீபோர்டு எந்த நேரத்தில் தேவை என்பதுதான் முதல் கேள்வி. லினக்ஸ் முழுதாக ஏறி டெஸ்க்டாப் வந்த பிறகு மட்டும் போதுமா, இல்லை பூட் ஆகாமல் பாதியில் நிற்கும்போதும் கைகொடுக்க வேண்டுமா? முதலாவது என்றால் புளூடூத்தைச் சரிசெய்யுங்கள், செலவே இல்லை. இரண்டாவது என்றால் டாங்கிள் கீபோர்டு வாங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே விவரிக்கிறேன்.

முதலில், எங்கே அறுகிறது?

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும், கீபோர்டிலிருந்து கிளம்பும் எழுத்து எந்த இடம் வரை வந்து சேர்கிறது என்று பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பிலிருந்தோ போனிலிருந்தோ எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் மூலம் இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியாகப் பைக்குள் நுழைந்து, 'ஈவிடெஸ்ட்' என்ற சின்ன நிரலை நிறுவி ஓட்டுங்கள். கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, தெரிந்த உள்ளீட்டுச் சாதனங்கள் எல்லாவற்றையும் எண் போட்டுப் பட்டியலிடும். உங்கள் கீபோர்டின் எண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு கீயைத் தட்டினால், அழுத்தியதும் விட்டதும் வரி வரியாக ஓட வேண்டும்.

பட்டியலிலேயே கீபோர்டு இல்லையென்றால், பேர் ஆனதோடு சரி, கீபோர்டாக அது கர்னலிடம் வந்து சேரவே இல்லை. இது புளூடூத் மென்பொருள் சார்ந்த சிக்கல். பட்டியலில் இருக்கிறது, ஆனால் வரிகள் ஓடவில்லை, அல்லது விட்டுவிட்டு ஓடுகின்றன என்றால் அலை இடையூறு, பேட்டரி, மின்சாரம் இவற்றில் ஒன்று. வரிகள் ஒழுங்காக ஓடுகின்றன, திரையில் மட்டும் எழுத்து வரவில்லை என்றால் கீபோர்டின் மேல் தப்பே இல்லை. தேட வேண்டிய இடம் டெஸ்க்டாப்பும் லேஅவுட்டும் (எந்தக் கீக்கு எந்தக் குறி என்ற அமைப்பு).

இந்த மூன்றாவது வகையில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். டெர்மினலில் பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூட வராது, அது லினக்ஸின் வழக்கம். புதியவர்கள் கீபோர்டு செத்துவிட்டது என்றே நினைத்துவிடுவார்கள். இன்னொன்று, ராஸ்பெர்ரி பை பிரிட்டனில் பிறந்தது, அதனால் அதன் இயல்பு லேஅவுட்டும் பிரிட்டிஷ். நம்மூரில் விற்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க லேஅவுட். ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தினால் கீபோர்டில் அச்சடித்திருப்பது 'அட்' குறி, உள்ளே விழுவது இரட்டை மேற்கோள் குறி. பாஸ்வேர்டில் அந்தக் குறி இருந்தால் எத்தனை முறை அடித்தாலும் கதவு திறக்காது. லேஅவுட்டை மாற்றினால் முடிந்தது வேலை. இதற்காகக் கீபோர்டை மாற்றுவது பாவம்.

புளூடூத்தைச் சரிசெய்யும் வழி

பைகளில் புளூடூத் உள்ளேயே வரத் தொடங்கியது 2016-ல் வெளியான பை 3-இலிருந்து. லினக்ஸில் புளூடூத்தைப் பார்த்துக்கொள்வது புளூஸீ என்ற மென்பொருள். டெர்மினலில் அதோடு பேச 'புளூடூத்சிடிஎல்' என்ற கருவி இருக்கிறது. டெஸ்க்டாப் ஐகானைக் காட்டிலும் இதை நம்பலாம், ஏனென்றால் இது எதையும் மறைக்காது. அதற்குள் போய் 'இன்ஃபோ' என்று அடித்துக் கீபோர்டின் முகவரியை (அதன் புளூடூத் அடையாள எண்) கொடுத்தால் சில வரிகள் வரும். பேர்டு: யெஸ். டிரஸ்டட்: நோ. கனெக்டட்: நோ. பேர் ஆகியும் வேலை செய்யாத கீபோர்டுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்று வரிகளிலேயே காரணம் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

பேர் ஆவது, நம்பிக்கைப் பட்டியலில் சேர்வது, இணைவது மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒருவருடைய நம்பரைப் போனில் சேமித்து வைப்பதும் அவர் கூப்பிடும்போது எடுப்பதும் எப்படி வேறு வேறோ, அப்படித்தான் இதுவும். பேரிங் என்பது இரு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி எழுதி வைத்துக்கொள்வது மட்டுமே. அப்புறம் தூங்கி எழும் ஒவ்வொரு முறையும் இணைப்பைத் தொடங்குவது கீபோர்டுதான். 'டிரஸ்ட்' கொடுக்காவிட்டால், அந்த அழைப்பை ஏற்கலாமா என்று புளூஸீ யாரிடமாவது அனுமதி கேட்கும். லாகின் திரையில் அனுமதி சொல்ல ஆள் இருக்காது. அழைப்பு தள்ளப்படும். நேற்று வேலை செய்த கீபோர்டு ரீபூட் ஆனதும் ஊமையாகிவிடுவது இதனால்தான்.

ஆகவே முறையாகச் செய்யுங்கள். 'ரிமூவ்' கொடுத்துப் பழைய பதிவை நீக்குங்கள். கீபோர்டைப் பேரிங் நிலைக்குக் கொண்டுபோய், விளக்கு வேகமாக மினுக்கும்போது 'ஸ்கேன்', 'பேர்', 'டிரஸ்ட்', 'கனெக்ட்' என்று வரிசையாகக் கொடுங்கள். 'பேர்' கொடுத்ததும் திரையில் ஆறு இலக்க எண் வந்தால், அதை அடிக்க வேண்டியது அந்தப் புளூடூத் கீபோர்டில். அடித்ததும் என்டர் தட்ட வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்கிறவர்கள் கை பழக்கத்தில் லேப்டாப்பிலேயே அடித்துவிட்டு, எண் ஏற்கப்படவில்லை என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் செய்தும் மறுநாள் மறுபடி அதே கதை என்றால், எஸ்டி கார்டு மாற்றினீர்களா என்று யோசியுங்கள். ரகசியச் சாவியைப் பை எழுதி வைப்பது எஸ்டி கார்டில், ஆனால் புளூடூத் முகவரி போர்டினுடையது. கார்டை மாற்றினாலும் முகவரி மாறாது. கீபோர்டைப் பொறுத்தவரை எதிரே இருப்பது அதே பழைய நண்பர், கையில் இருப்பது பழைய சாவி. புதுக் கார்டிலோ அந்தச் சாவி இல்லை, அல்லது வேறு சாவி இருக்கிறது. ஒரு கார்டில் படம் பார்க்க 'கோடி' என்ற மென்பொருள், இன்னொன்றில் விளையாட்டு, மூன்றாவதில் பாடம் என்று கார்டுகளை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு இது நிரந்தரத் தலைவலி. கார்டுக்குக் கார்டு அந்தக் கீபோர்டுக்குரிய சாவிக் கோப்பை நகலெடுத்து வைக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்?

மூன்று சாதனங்களுக்கு மாறும் கீபோர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சில கீபோர்டுகள் புதிதாகப் பேர் செய்யும்போது முகவரியை மாற்றிக்கொள்ளும். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை நிற்கும். பழைய பதிவைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாளும் இணையாது. இரண்டையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது நல்லது. கீபோர்டில் எந்த எண் பொத்தான் எரிகிறது என்பதையும் கவனியுங்கள். 1-ல் போன் இருந்து, நீங்கள் 1-லேயே நின்றால் எழுத்தெல்லாம் போனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

'அப்டேட் செய்ததும் நின்றுவிட்டது' என்று சொல்பவர்களுக்கு ஒரு பின்னணி. 2023 டிசம்பரில் மார்க் நியூலின் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் புளூடூத்தில் ஓர் ஓட்டையை வெளியிட்டார். லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் எல்லாவற்றிலும் அது இருந்தது. பக்கத்தில் இருக்கும் ஒருவர் உங்கள் அனுமதி இல்லாமலேயே கீபோர்டு போல நுழைந்து டைப் செய்ய முடியும். அதை அடைக்க, முறையாகச் சாவி பரிமாறிக்கொள்ளாத பழைய வகைப் புளூடூத் கீபோர்டுகளைப் புளூஸீ ஏற்காதபடி இயல்பு செட்டிங் மாற்றப்பட்டது. அந்தச் செட்டிங்கைத் திருப்பிப் போட்டால் கீபோர்டு வேலை செய்யும், ஓட்டையும் திறந்துகொள்ளும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய பதிவை நீக்கி மறுபடி முறையாகப் பேர் செய்யுங்கள். அதிலும் ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கீபோர்டுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

ஆரஞ்சு பை, பனானா பை மாதிரி மற்ற போர்டுகளில் வேறொரு காரணமும் சேரும். புதிய வகைக் குறைமின் புளூடூத் கீபோர்டுகள் வேலை செய்ய, கர்னலில் 'யூஹெச்ஐடி' என்ற பகுதி வேண்டும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் அது இருக்கிறது. போர்டு விற்பவர் கொடுக்கும் பழைய கர்னலிலோ மிகச் சுருக்கிய இமேஜிலோ (கார்டில் எழுதும் ஓஎஸ் தொகுப்பு) அது விடுபட்டுப் போகலாம். அப்போது பேர் ஆகும், இணைந்தும் விடும், ஈவிடெஸ்ட் பட்டியலில் மட்டும் கீபோர்டு தலைகாட்டாது. போர்டுக்கு ஆர்மபியன் போன்ற வேறு நல்ல இமேஜ் இருந்தால், கீபோர்டை மாற்றும் முன் அதைப் போட்டுப் பாருங்கள்.

எழுத்து வருகிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது, ஒரே எழுத்து பத்து முறை விழுகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. பையில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில், ஒரே ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்கின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வீடியோ ஓடும்போது கீபோர்டு திணறும். பை 3பி பிளஸ், பை 4, பை 5 வைத்திருப்பவர்கள் வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பழைய பை 3பி, ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ இவற்றில் அந்த வசதி இல்லை. முழு உலோகப் பெட்டியில் போர்டை அடைத்திருந்தால் ஒருமுறை வெளியே எடுத்துச் சோதியுங்கள். திரையின் மூலையில் மின்னல் குறி வந்து போகிறதென்றால் சார்ஜரை மாற்றுங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5.1 வோல்ட் 5 ஆம்பியர். போன் சார்ஜரில் ஓடும் பையில் எந்தக் கோளாறையும் நம்பிக் கண்டுபிடிக்க முடியாது.

தனி புளூடூத் அடாப்டர்

இந்த வழியை நான் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. மலிவு அடாப்டர்களில் 'சிஎஸ்ஆர்' நிறுவனச் சிப் என்று எழுதியிருக்கும், உள்ளே போலிச் சிப் இருக்கும், லினக்ஸில் தகராறு செய்யும். ரியல்டெக்கின் 8761பி சிப் உள்ளவை பரவாயில்லை, ஆனால் ஓரளவு புதிய கர்னலும் அதற்கான ஃபர்ம்வேர் கோப்பும் (சிப்பை இயக்கும் மென்பொருள்) வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சிப்பின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். செருகிய பிறகு போர்டிலேயே உள்ள புளூடூத்தைக் கான்ஃபிக் கோப்பில் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு அடாப்டர்கள், இரண்டு முகவரிகள், கீபோர்டு எதோடு பேர் ஆனது என்ற குழப்பம் புதிதாகக் கிளம்பும். இவ்வளவும் செய்து ஒரு யூஎஸ்பி போர்ட்டையும் கொடுத்த பிறகு, அதே போர்ட்டில் டாங்கிளையே செருகியிருக்கலாமே என்றுதான் தோன்றும். பை 2 மாதிரி புளூடூத்தே இல்லாத போர்டு, கையில் ஏற்கெனவே பிடித்தமான புளூடூத் கீபோர்டு, இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டும் இது சரியான வழி.

டாங்கிள் கீபோர்டு

இதன் பெரிய பலம், பேரிங் நடப்பது கீபோர்டுக்கும் டாங்கிளுக்கும் இடையில் என்பதே. அந்த உறவு டாங்கிளுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. பையின் கண்ணுக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டு, அவ்வளவுதான். எஸ்டி கார்டை எத்தனை முறை மாற்றினாலும், ஓஎஸ்ஸை அழித்து மறுபடி போட்டாலும், டாங்கிளைப் பிடுங்கி வேறு போர்டில் செருகினாலும் டைப் ஆகும். புளூஸீ எழுந்திருக்கக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. வட்டு மவுன்ட் ஆகாமல் (ஓஎஸ்ஸோடு சேராமல்) பூட் பாதியில் நின்று அவசர நிலைக்குப் போகும்போது புளூடூத் சேவை தொடங்கியே இருக்காது. டாங்கிள் அப்போதும் வேலை செய்யும். வட்டை என்கிரிப்ட் செய்து (ரகசியக் குறியீடாக்கி), பூட் ஆகும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்திருப்பவர்களுக்குப் புளூடூத் கீபோர்டு நடைமுறையில் உதவாது. அவர்களுக்கு இதில் தேர்வே இல்லை.

டாங்கிளும் படுத்தும் இடம் ஒன்று உண்டு. பை 4, பை 5 இரண்டிலும் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டுகள் இரண்டும், கருப்பு யூஎஸ்பி 2 போர்ட்டுகள் இரண்டும் இருக்கும். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. நீலப் போர்ட்டில் எஸ்எஸ்டி, அதன் மேலேயே டாங்கிள் என்று வைத்தால், கோப்பு நகலெடுக்கும் நேரம் பார்த்து எழுத்துகள் தவறும். டாங்கிளைக் கருப்புப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் ஒரு சிறிய யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு எஸ்எஸ்டியிலிருந்து தள்ளி வையுங்கள். இந்தக் கோளாறுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

டாங்கிள், புளூடூத் இரண்டும் உள்ள கீபோர்டுகளில், டாங்கிளைச் செருகிவிட்டுக் கீபோர்டின் அடியில் உள்ள சுவிட்சைப் புளூடூத் பக்கமே விட்டுவிடுவது சகஜம். அதையும் பாருங்கள். லாஜிடெக்கின் யூனிஃபையிங் டாங்கிள் தன் கீபோர்டை மறந்துவிட்டால், லினக்ஸிலேயே 'சோலார்' என்ற நிரலைக் கொண்டு மறுபடி சேர்க்கலாம். பல மலிவு டாங்கிள்களுக்கு லினக்ஸ் கருவியே இருக்காது, விண்டோஸ் கணினியைத் தேட வேண்டும், அல்லது டாங்கிளோடு கீபோர்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மலிவு டாங்கிளில் எனக்கு உண்மையான கவலை பாதுகாப்பில்தான். 2016-ல் பாஸ்டில் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு விஷயங்களைக் காட்டினார்கள். பல நிறுவனங்களின் டாங்கிள்களுக்கு வெளியிலிருந்து போலி அழுத்தல்களை அனுப்ப முடிந்தது. சில மலிவுக் கீபோர்டுகள் அடிக்கிற எழுத்தை என்கிரிப்ஷனே இல்லாமல் காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தன. வீட்டு டிவிக்கு இது பெரிய விஷயமில்லை. வங்கிப் பாஸ்வேர்டு அடிக்கும் கணினி என்றால், என்கிரிப்ஷன் உண்டு என்று உறையில் தெளிவாக எழுதியிருக்கும் கீபோர்டை வாங்குங்கள். இல்லையென்றால் முறையாகப் பேர் செய்த புளூடூத்தே மேல்.

யாருக்கு எது?

பள்ளியிலோ பயிற்சி வகுப்பிலோ பத்து இருபது பைகள் வைத்திருப்பவர்கள் வயர்லெஸ் பக்கமே போக வேண்டாம். ஓர் அறைக்குள் அத்தனை கீபோர்டுகளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பேசுவது ஒருபுறம். எந்த டாங்கிள் எந்தக் கீபோர்டுக்கு என்று தேடுவதிலேயே பாட நேரம் போய்விடும். கம்பி கீபோர்டு போதும். புதிதாக வாங்குவதென்றால் 2020-ல் வந்த பை 400, 2024-ல் வந்த பை 500 இரண்டிலும் கணினியே கீபோர்டுக்குள் இருக்கிறது. பேரிங் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டிவியோடு இணைத்துக் கோடி ஓட்டுபவர்களுக்கு டச்பேடும் சேர்ந்த டாங்கிள் கீபோர்டுதான் என் தேர்வு. வீட்டில் யார் எடுத்தாலும் உடனே வேலை செய்யும். டெஸ்க்டாப்பாகப் பை 5 வைத்திருந்து, அதே கீபோர்டைப் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் புளூடூத்தையே வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்ஹெச்சை மட்டும் முன்கூட்டியே திறந்து வையுங்கள். கீபோர்டு ஊமையாகும் நாளில் உள்ளே போக அதுதான் வழி.

ஜீரோ 2 டபிள்யூ மட்டும் தனிக் கணக்கு. அதில் டேட்டாவுக்கு இருப்பது ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி போர்ட். டாங்கிள் செருக ஓடிஜி கேபிள் (மைக்ரோ போர்ட்டில் சாதாரண யூஎஸ்பி சாதனத்தைச் செருக உதவும் கேபிள்) வேண்டும், செருகினால் போர்ட் தீர்ந்தது. கூட எதையாவது சேர்க்க ஹப் வேண்டும். ஆகவே இங்கே பூட் நேரத்து வசதியை விட்டுக்கொடுத்து நான் புளூடூத் பக்கம்தான் நிற்பேன். அந்தப் போர்ட்டைக் காலியாக வைத்திருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பூட் கோப்புகளில் யூஎஸ்பி கேட்ஜெட் வசதியை (போர்டையே யூஎஸ்பி சாதனமாகக் காட்டும் வசதி) முன்பே போட்டு வைத்திருந்தால், ஒரு சாதாரண டேட்டா கேபிளால் ஜீரோவை லேப்டாப்பில் செருகியதும் அது நெட்வொர்க் சாதனமாகத் தெரியும். வைஃபை இல்லாமல், கீபோர்டும் இல்லாமல் அந்தக் கேபிள் வழியாகவே உள்ளே போய்ப் பழைய பேரிங்கை நீக்கிப் புதிதாகச் செய்துவிடலாம்.